டபிள்யூ.டி.எம்-2 என்றால் என்ன? டீசல் லோகோக்களின் பெயர்க்கதை



அரசு அலுவலகத்தில் வாழ்நாளில் பாதியைக் கோப்புகளோடு கழித்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்த எண்ணைப் பார்த்தாலும் பிரித்துப் பார்க்கத் தோன்றும். கோப்பு எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, எத்தனையாவது கோப்பு என்று சொல்லிவிடலாம். உள்ளே திறக்கவே வேண்டாம். ரயில் இன்ஜின்களின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்துகளும் அப்படித்தான். விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி மாற நின்ற நாட்களில் நாம் எல்லோரும் அவற்றைப் பார்த்திருக்கிறோம். என்ன பொருள் என்று கேட்டவர்கள் குறைவு.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். வண்டியை இழுக்கும் முழு வாகனத்தையும் நாம் இன்ஜின் என்கிறோம். ரயில்வேக்காரர்கள் அதை லோகோ என்பார்கள். லோகோவின் வயிற்றுக்குள் ஓடும் டீசல் யந்திரம்தான் அவர்களுக்கு இன்ஜின். குழப்பம் வராமல் இருக்க நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

மூன்று எழுத்து, ஓர் எண்

டபிள்யூ.டி.எம்-2, ஒய்.டி.எம்-4. இந்த இரண்டும் தெரியாத வயதானவர் நம் பக்கத்தில் இருக்க முடியாது. பெயர் தெரியாவிட்டாலும் சத்தம் தெரியும்.

முதல் எழுத்து தண்டவாளத்தின் அகலத்தைச் சொல்கிறது. டபிள்யூ என்றால் பிராட்கேஜ், ஒய் என்றால் மீட்டர்கேஜ், இசட் என்றால் இரண்டரை அடி, என் என்றால் இரண்டடிப் பாதை. வெள்ளைக்காரன் காலத்தில், 1920-களில் நீராவி இன்ஜின்களுக்கு ஒரே மாதிரி வடிவங்கள் வகுத்தபோது பிராட்கேஜுக்கு எக்ஸ், மீட்டர்கேஜுக்கு ஒய், குறுகிய பாதைக்கு இசட் என்று அகரவரிசையில் கொடுத்தார்கள். உலகப்போருக்குப் பின் பிராட்கேஜுக்குப் புதிய தலைமுறை வந்தது. 1947-இல் வந்த டபிள்யூ.பி. அதில் மூத்தது. அதோடு எக்ஸ் ஒதுங்கி டபிள்யூ நிலைத்துவிட்டது. விதிவிலக்கு இல்லாத விதி உண்டா? நீலகிரி மலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பல்சக்கர இன்ஜினுக்கு இன்றும் எக்ஸ் வகை என்றுதான் பெயர். ஆனால் அது ஓடுவது மீட்டர்கேஜில். சுவிட்சர்லாந்தில் செய்து வந்த அந்தத் தனிப்பிறவிக்கு வைத்த தனிப்பெயர் அது.

இரண்டாம் எழுத்து எதனால் ஓடுகிறது என்பது. டி என்றால் டீசல், ஏ என்றால் மாறுமின்சாரம், சி என்றால் நேர்மின்சாரம். நீராவிக்கு எழுத்தே கிடையாது. ஒய்.பி. என்றால் மீட்டர்கேஜ் பாசஞ்சர், அவ்வளவுதான். உலகில் எல்லா இன்ஜினும் கரியில் ஓடிய காலத்தில் அதைத் தனியே எழுத என்ன தேவை? வேறொன்று வந்த பிறகுதான் எழுத்து தேவைப்பட்டது. சென்னையிலிருந்து மின்கம்பிக்கடியில் வந்த ஜப்பானிய ஒய்.ஏ.எம்-1 விழுப்புரத்தில் கழன்றுகொள்ளும். அங்கிருந்து தெற்கே கம்பி கிடையாது, ஒய்.டி.எம்-4 வந்து கொக்கி மாட்டும். நடு எழுத்து ஏ-யிலிருந்து டி-க்கு மாறுவதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு. அந்த இடைவெளியில் நாம் குடித்த காப்பிக்கெல்லாம் காரணம் அந்த ஓர் எழுத்து.

மூன்றாம் எழுத்து வேலையைச் சொல்கிறது. பி பயணிகள் வண்டிக்கு, ஜி கூட்ஸுக்கு, எஸ் ஷண்டிங் என்கிற யார்டு வேலைக்கு, எம் என்றால் கலப்பு, எல்லாவற்றுக்கும். காலையில் பாசஞ்சர், இரவில் சிமெண்டு என்று எதையும் இழுக்கும் லோகோவுக்கு எம். ஏழை நாட்டில் எம்முக்குத்தான் மவுசு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு லோகோ வாங்க யாரிடம் பணம் இருந்தது?

கடைசியில் வரும் எண் வரிசை எண். டபிள்யூ.டி.எம்-2 என்றால் பிராட்கேஜுக்கு வந்த கலப்பு டீசல்களில் இரண்டாவது வகை. 2-க்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2 வென்றது, 4 தோற்றது

முதல் வகையான டபிள்யூ.டி.எம்-1 அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து 1957-58 வாக்கில் வந்தது. மொத்தம் 100. கரியில் ஓடிய பாதைகளில் கூட்ஸ் தேங்கி நின்ற காலம் அது; எஃகு ஆலைகளுக்குத் தாதுவும் கரியும் போய்ச்சேர வேண்டியிருந்தது.

பிறகு 1962-இல் இரண்டு அமெரிக்க லோகோக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து இறங்கின. ஒன்று ஆல்கோவின் டபிள்யூ.டி.எம்-2. இன்னொன்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் டபிள்யூ.டி.எம்-4. இரண்டுக்கும் பலம் 2600 குதிரைத்திறன். இரண்டிலும் 16 சிலிண்டர். எழுத்துகளும் ஒன்றே. எண் மட்டும்தான் வேறு. ஆனால் அந்த எண்ணுக்குள் இருப்பது நாற்பது வருட வரலாறு.

டபிள்யூ.டி.எம்-4 நல்ல லோகோ. 1969-இல் ஹௌராவிலிருந்து புதுதில்லிக்கு முதல் ராஜதானி ஓடியபோது அதை இழுத்தது இந்த 4-தான். ஆனால் அது வந்தது மொத்தம் 72. அதோடு முடிந்தது. டபிள்யூ.டி.எம்-2-வோ ஆயிரக்கணக்கில் பெருகியது. என்ன காரணம்? ஆல்கோ தன் வரைபடங்களையும் செய்முறையையும் கொடுத்து, இங்கேயே செய்துகொள்ள ஒப்புக்கொண்டது. வாராணசியில் டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் 1961-இல் எழுந்தது. 1964 ஜனவரியில் அங்கிருந்து முதல் டபிள்யூ.டி.எம்-2 வெளியே வந்தது. ஆக, போட்டியில் தீர்ப்பு சொன்னது வேகமோ எரிபொருள் கணக்கோ மட்டும் அல்ல. எதை நம் ஆட்கள் நம் பட்டறையில் செய்யலாம் என்பதே கேள்வியாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கற்றுக்கொடுத்த ஆல்கோ 1969-இல் அமெரிக்காவில் லோகோ செய்வதையே நிறுத்திவிட்டது. தாய்வீடு மூடிய பிறகும் அந்த இன்ஜின் காசியில் இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிறந்துகொண்டிருந்தது. நம் பொன்மலையிலும் ஈரோட்டிலும் இருந்த பிட்டர்களுக்கு அது மனப்பாடம்.

நம் மீட்டர்கேஜின் ஒய்.டி.எம்-4-உம் அதே ஆல்கோ குடும்பம்தான். பெரியவனுக்கு 16 சிலிண்டர், இரண்டு வரிசையாக. சின்னவனுக்கு 6 சிலிண்டர், ஒரே வரிசையில், 1400 குதிரைத்திறன். இதே 6 சிலிண்டர் இன்ஜினை பிராட்கேஜ் சட்டத்தில் உட்காரவைத்து டபிள்யூ.டி.எஸ்-6 என்று யார்டு வேலைக்கு விட்டார்கள். பெயரில் ஒய்.டி.எம்-4-உம் டபிள்யூ.டி.எஸ்-6-உம் அந்நியர்கள், உள்ளே ஒரே ரத்தம்.

பிரெஞ்சுக்காரர் எண்ணியது அச்சுகளை

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். எங்கள் காலத்துப் பையன்களுக்கு ரயில் என்றால் இரண்டு பெயர்கள் தெரியும்: பே-பே, சே-சே. 1955 மார்ச்சில் பிரான்சின் தென்மேற்கில் பே-பே 9004 என்ற மின்சார லோகோ மணிக்கு 331 கி.மீ. ஓடி உலக சாதனை செய்திருந்தது. வாத்தியார்கள் அதைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பே, சே என்பவை பி, சி எழுத்துகளின் பிரெஞ்சு உச்சரிப்பு. பிரான்சில் லோகோவுக்குப் பெயரே அதன் அச்சுகளின் கணக்கு. ஏ என்றால் ஓர் இயங்கும் அச்சு, பி என்றால் இரண்டு, சி என்றால் மூன்று. லோகோவுக்கு அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு போகிகள் இருக்கும். (போகி என்று நாம் பெட்டியைச் சொல்கிறோம். ரயில்வேயில் போகி என்பது சக்கரங்கள் பூட்டிய அடிச்சட்டம்.) ஒவ்வொன்றிலும் இரண்டு அச்சு இருந்தால் பி.பி., மூன்று இருந்தால் சி.சி. டீசல்களுக்கு 60,000-க்கு மேல் எண் கொடுத்தார்கள். ஆகவே பி.பி. 67000, சி.சி. 72000 என்று கேட்டால் முதலில் அச்சுக் கணக்கு தெரிந்துவிடும், அடுத்து டீசல் என்று தெரிந்துவிடும். ஏ1ஏ 68000 என்றும் ஒன்று உண்டு. ஒவ்வொரு போகியிலும் ஓரத்து அச்சுகள் இரண்டும் இழுக்கும்; நடுவில் இருக்கும் 1, இயக்கமில்லாமல் சுமையை மட்டும் தாங்கும்.

அச்சை எண்ணுவதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். டீசல் லோகோவில் இன்ஜின் நேரடியாகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும். அதில் வரும் மின்சாரம் அச்சோடு பூட்டிய மோட்டார்களுக்குப் போகும். மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். ஓடுகிற மின்நிலையம் என்று சொன்னால் தவறில்லை. ஒவ்வோர் அச்சுக்கும் தனி மோட்டார் இருந்தால் எழுத்தோடு ஓர் ஓ சேரும். ஆறு அச்சுக்கும் ஆறு மோட்டார் என்றால் கோ-கோ. நம் டபிள்யூ.டி.எம்-2-உம் ஒய்.டி.எம்-4-உம் கோ-கோ.

இதில் எடைக் கணக்கும் இருக்கிறது. டபிள்யூ.டி.எம்-2 எடை 112.8 டன். ஆறு அச்சில் பகிர்ந்தால் அச்சுக்கு 18.8 டன். ஒய்.டி.எம்-4 எடை 72 டன். அச்சுக்கு 12 டன். மெல்லிய மீட்டர்கேஜ் தண்டவாளம் அதற்குமேல் தாங்காது. அதனால்தான் 1400 குதிரைத்திறனே உள்ள சின்ன லோகோவுக்கும் ஆறு அச்சு வைத்தார்கள். கல்யாணப் பந்தலில் பெரிய அண்டாவை நாலு பேருக்குப் பதில் ஆறு பேர் தூக்குவதுபோல.

அலுவலக மொழியில் சொன்னால், நம் பெயர்முறை பதவியைச் சொல்கிறது. பிரெஞ்சு முறை உடற்கட்டைச் சொல்கிறது. பதவிப் பெயர் கேட்டால் என்ன வேலை என்று தெரியும், ஆள் எப்படி என்று தெரியாது. இதன் விளைவு பின்னால் ஒரு லோகோவில் நன்றாக வெளிப்பட்டது.

விதி மாறியது, பழைய பெயர் மாறவில்லை

2000-களின் தொடக்கத்தில் டீசல்களுக்குப் புதிய விதி வந்தது. எண் இனி வரிசை எண் அல்ல, பலம். 3 என்றால் 3000 குதிரைத்திறன், 4 என்றால் 4000. பின்னால் வரும் எழுத்து நூறுகளைச் சொல்லும்: ஏ என்றால் 100, பி என்றால் 200. அதன்படி 3100 குதிரைத்திறன் உள்ள டபிள்யூ.டி.எம்-2சி, டபிள்யூ.டி.எம்-3ஏ ஆனது. டபிள்யூ.டி.ஜி-2 என்ற கூட்ஸ் லோகோ டபிள்யூ.டி.ஜி-3ஏ ஆனது.

ஆனால் பழைய டபிள்யூ.டி.எம்-2-ஐ யாரும் தொடவில்லை. இன்றைய விதியை வைத்துப் படித்தால் அது 2000 குதிரைத்திறன் என்று வரும். உண்மையில் 2600. இதைத்தான் நினைவில் வைக்கச் சொன்னேன். ஒரு பெயரைப் படிக்கும்போது அது எந்த ஆண்டின் விதியில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் படிக்கக்கூடாது. பழைய பத்திரத்தில் உள்ள குழி, மா கணக்கை இன்றைய சென்ட் என்று நினைத்துப் படித்தால் நிலமே கைவிட்டுப் போகும் அல்லவா?

புது விதியும் நெடுநாள் ஒழுங்காக நிற்கவில்லை. விதிப்படி டபிள்யூ.டி.எம்-3டி-க்கு 3400 இருக்க வேண்டும். அதன் பலம் 3300. டபிள்யூ.டி.பி-4பி, டபிள்யூ.டி.பி-4டி இரண்டுக்கும் 4500. எழுத்துக் கணக்குப்படி 4200, 4400 என்று வரவேண்டும். எழுத்து நூறுகளைச் சொல்வதை விட்டு, மறுபடி 'அடுத்த வடிவம்' என்பதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. அரசாணையும் அதற்கான விதிவிலக்கும் பக்கத்து பக்கத்து மேசையில் தயாராவதை நாங்கள் பார்க்காததா!

டபிள்யூ.டி.பி-4-இன் கதை

1962-இல் பின்தங்கிய ஜெனரல் மோட்டார்ஸ், 1995 ஒப்பந்தத்தின் வழியாகத் திரும்பி வந்தது. இம்முறை செய்முறையோடு. 1999-இல் டபிள்யூ.டி.ஜி-4 என்ற கூட்ஸ் லோகோ 21 வந்தன, 4000 குதிரைத்திறன். பிறகு 2001-இல் அதன் பயணிகள் வடிவமான டபிள்யூ.டி.பி-4. பெயரில் ஒரே எழுத்துதான் வித்தியாசம், ஜி-க்குப் பதில் பி. இன்ஜினும் பலமும் அதேதான்.

பிரெஞ்சுக்காரரிடம் கொடுத்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார். ஏனென்றால் டபிள்யூ.டி.ஜி-4 கோ-கோ, ஆறு மோட்டார். டபிள்யூ.டி.பி-4-இலோ நாலே மோட்டார். ஒவ்வொரு போகியிலும் உள்பக்கத்து அச்சு வெறுமனே உருளும். அச்சுக் கணக்கில் எழுதினால் போ1-1போ. பயணிகள் வண்டி கூட்ஸைவிட இலகு, மோட்டார் இரண்டு குறைந்தால் எடையும் செலவும் குறையும் என்பது கணக்கு. ஆனால் நம் எக்ஸ்பிரஸ்கள் 24 பெட்டி வரை நீண்டன. நீண்ட வண்டியைக் கிளப்பும்போது, அதுவும் மழையில் ஈரமான தண்டவாளத்தில், நாலு அச்சின் பிடிமானம் போதவில்லை; சக்கரம் வழுக்கியது. அடுத்து வந்த டபிள்யூ.டி.பி-4பி-யில் ஆறு அச்சுக்கும் மோட்டார் வைத்தார்கள். பெயரில் சேர்ந்தது ஒரு பி மட்டும். அந்த பி-க்குள் இரண்டு மோட்டாரும் ஒரு பாடமும் இருப்பது பெயரைப் படித்தால் தெரியாது.

டபிள்யூ.டி.பி-4டி-யில் சேர்ந்தது இரண்டாவது டிரைவர் அறை. அதுவரை அறை ஒரு பக்கம்தான். ஒரு முனையில் குட்டை மூக்கு, மறுமுனையில் நீண்ட மூக்கு. நீண்ட மூக்கு முன்னால் போகும்போது டிரைவர், இன்ஜின் கூடு முழுவதையும் தாண்டி எட்டிப் பார்த்துத்தான் சிக்னலைப் படிக்க வேண்டும். பகலில் எப்படியோ சமாளிக்கலாம். மழை இரவில் லெவல் கிராசிங்கில் என்ன தெரியும்? இரண்டு பக்கமும் அறை வந்தது வசதிக்காக மட்டும் அல்ல, உயிருக்காகவும்.

வால் எழுத்தில் பிரேக்கின் வரலாறும் உண்டு. பழைய டபிள்யூ.டி.எம்-2 வாக்குவம் பிரேக் வண்டிகளுக்கானது. ஏர் பிரேக் பெட்டிகள் வரத் தொடங்கியபோது இரண்டையும் இயக்கும்படி மாற்றியவை 2ஏ, செய்யும்போதே ஏர் பிரேக்கோடு வந்தவை 2பி. வாக்குவத்தில் காற்றை உறிஞ்சி எடுப்பதுதான் வேலை. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் பலம் கிடைக்காது. ஏர் பிரேக்கில் காற்றைச் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் அடைத்து வைக்கலாம். நீண்ட வண்டியும் சீக்கிரம் நிற்கும். இதைத் தவிர டைனமிக் பிரேக் என்று ஒன்று. இறக்கத்தில் மோட்டார்களையே ஜெனரேட்டராக மாற்றிவிடுவார்கள். வண்டியின் ஓட்டம் மின்சாரமாகி, மின்தடைக் கம்பிகளில் வெப்பமாகி, விசிறி வழியே காற்றில் போய்விடும். பிரேக் கட்டை தேயாது. இது பொருத்தியிருக்கிறதா இல்லையா என்பதைப் பெயர் சொல்லாது. ஷெட்டில் கேட்டால்தான் தெரியும்.

கரும்புகையும் பெயரில் இல்லாத அடையாளம்தான். ஆல்கோ கிளம்பும்போது கக்குமே, அது கோளாறு அல்ல. டிரைவர் கைப்பிடியைத் திருகியதும் டீசல் உடனே பாயும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ சுழன்று வேகம் பிடிக்கச் சில விநாடி ஆகும். அந்தச் சில விநாடி காற்று போதாமல் எரியும் டீசல்தான் புகை.

சைகோன் வரை

எங்கள் ஊரில் சைகோன்காரர் வீடு என்று இன்றும் சில வீடுகளைச் சொல்வார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள். அந்த வியட்நாமில் பிரெஞ்சுக்காரர் போட்ட தண்டவாளமும் நம்முடையதைப் போல மீட்டர்கேஜ். 1980-களில் வாராணசி அங்கே நம் ஒய்.டி.எம்-4 குடும்பத்து லோகோக்களை அனுப்பியது. வியட்நாமில் அவற்றின் பெயர் டி13இ. டி என்றால் டீசல். 13 என்றால் 1300-க்கு மேல் குதிரைத்திறன். இ என்றால் மின்மோட்டார் வழியாக ஓடுவது. மின்மோட்டாருக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்கு விசை போகும் வகைகளுக்கு இ-க்குப் பதில் எச். டி13இ என்ற பெயரில் கேஜுக்கும் எழுத்தில்லை, வேலைக்கும் எழுத்தில்லை.

ஒரே குடும்பத்து லோகோ. இங்கே எந்தப் பாதை, என்ன வேலை என்று கேட்டார்கள். அங்கே எவ்வளவு பலம், எந்த முறை என்று கேட்டார்கள். பிரான்சில் எத்தனை அச்சு என்று கேட்டிருப்பார்கள். பெயர் என்பது பொருளைப் பற்றிய முழு உண்மை அல்ல. பெயர் வைத்தவருக்கு அன்று எது முக்கியமாக இருந்ததோ அதன் பதிவு. கோப்பு எண்ணும் அப்படித்தான். கோப்பைத் திறக்காமல் பிரிவைச் சொல்லலாம். உள்ளே யாருடைய வாழ்க்கை இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இப்போது நடு எழுத்துக்கே முடிவு வந்துகொண்டிருக்கிறது. விழுப்புரம்–புதுவைப் பாதை 1879-இல் திறந்தது. 2004-இல் பிராட்கேஜ் ஆனபோது எங்கள் ஊருக்கு ஒய் போய் டபிள்யூ வந்தது. நாடெங்கும் மின்கம்பி போகப் போக டி போய் ஏ வருகிறது. வாராணசியில் 2018-இல் டபிள்யூ.டி.ஜி-3ஏ டீசல்கள் இரண்டைப் பிரித்து, 10,000 குதிரைத்திறன் கொண்ட ஒரே ஜோடி மின்சார லோகோவாக மாற்றினார்கள். அதன் பெயர் டபிள்யூ.ஏ.ஜி.சி-3. 2020-இல் அந்தத் தொழிற்சாலையின் பெயரில் இருந்த டீசல் என்ற சொல்லும் போய், பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் ஆனது.

குன்னூருக்கும் உதகைக்கும் இடையே மலை ரயிலை ஒய்.டி.எம்-4 இழுப்பதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். 4-ஐக் காட்டி, அது பலம் இல்லை, வரிசை எண் என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள்.